உரைநூலை வசனத்தோடு இணைப்பது: சங்கீதத்தில் இரண்டு வசனம் தள்ளிப்போகிறது, யோவானில் பாதி இணைப்பு செத்துக் கிடக்கிறது

சுவடிக்கட்டு:
காப்புரிமை முடிந்த ஒரு பழைய வேத விளக்கவுரை முழுவதும் தட்டச்சாகிவிட்டது. இரண்டு வகைப் பைபிள் மென்பொருளில் ஓட வேண்டும்: போனில் மைஸ்வோர்ட், மற்றபடி ஸ்வோர்ட் குடும்பம் (கம்ப்யூட்டரில் ஸைஃபோஸ், போனில் ஆண்ட்பைபிள்). முதல் சோதனையில் அகப்பட்டவை இவை.

ஒன்று, சங்கீதம் 51:10-ஐத் திறந்தால் உரைப் பலகத்தில் 8-ஆம் வசனத்துக்கான விளக்கம் நிற்கிறது. சங்கீதம் 3-ல் ஒரு வசனம்தான் தள்ளுகிறது. 23-ல் எல்லாம் சரி. இதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை.

இரண்டு, யோவான் 3:16-18 சேர்த்து எழுதிய உரை 16-ல் மட்டும் வருகிறது. 17, 18 காலி.

மூன்று, உரைக்குள் வரும் வசன மேற்கோள்களைத் தானாக இணைப்பாக்க ஒரு சின்ன பைதான் நிரல் ஓட்டினேன். யோவான், கொரிந்தியர், யோசுவா இவற்றில் பாதிதான் பிடிபடுகிறது. விட்டுப்போனதையும் பிடிபட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் எழுத்து ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நான்கு, ஸ்வோர்டில் மட்டும் சில நூல் முன்னுரைகள் நடுவாக்கியத்தில் அறுந்து நிற்கின்றன.

மூன்றாம்படி:
முதலாவதற்கு ஒழுங்கு இருக்கிறது பிரதர். உங்கள் உரையாசிரியர் எபிரெய எண்ணைப் பின்பற்றியிருக்கிறார். எபிரெய பைபிளில் சங்கீதத் தலைப்புக்கும் வசன எண் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பிலும் ஆங்கில கேஜேவியிலும் (கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு) தலைப்பு எண்ணில்லாமல் மேலே நிற்கும். அதனால்தான் இந்தத் தள்ளல்.

ஆனால் "எல்லா சங்கீதத்துக்கும் ஒன்றைக் கழித்துவிடலாம்" என்று இறங்கிவிடாதீர்கள். 3-ஆம் சங்கீதத்தில் தலைப்பு ஒரு முழு வசனம், ஆகவே ஒன்று தள்ளும். 51, 52, 54, 60 இந்த நான்கிலும் தலைப்பு இரண்டு வசனம் பிடிக்கும், ஆகவே இரண்டு தள்ளும். 23-ல் தலைப்பு முதல் வசனத்தின் உள்ளேயே அடங்கிவிடுகிறது, தள்ளலே இல்லை. 13 இன்னும் வேடிக்கை. தலைப்பு ஒரு வசனம் எடுத்துக்கொள்கிறது, ஆனால் கடைசியில் எபிரெயத்தின் 6-ஆம் வசனம் நம்முடைய 5, 6 இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. மொத்தம் இரண்டு பக்கமும் ஆறு வசனம்தான். வசன எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

சங்கீதத்தோடு முடிவதுமில்லை. உரையாசிரியர் எபிரெய எண்ணில் போனால் இவையும் இடம் மாறியிருக்கும்:

ஆதியாகமம் 31:55 அங்கே 32:1. யாத்திராகமம் 8:1-4 அங்கே 7:26-29. லேவியராகமம் 6:1-7 அங்கே 5:20-26. எண்ணாகமம் 16:36-50 அங்கே 17:1-15. 1 நாளாகமம் 6:1-15 அங்கே 5:27-41. ஏசாயா 9:1 அங்கே 8:23. யோவேல் 2:28-32 அங்கே 3:1-5, நம்முடைய 3-ஆம் அதிகாரம் முழுவதும் அங்கே 4. யோனா 1:17 அங்கே 2:1. மல்கியா 4-ஆம் அதிகாரம் அங்கே கிடையாது, 3:19-24 ஆகப் போய்விடும்.

பட்டியல் இத்தோடு நிற்கவில்லை, மாதிரிக்குச் சொன்னேன். சூத்திரம் வைத்து மாற்றாமல் வசனத்துக்கு வசனம் ஒரு மாற்று அட்டவணை வைத்து மாற்றுங்கள். ஐந்து நெடுவரிசை போதும்: நூல், மூல அதிகாரம், மூல வசனம், இலக்கு அதிகாரம், இலக்கு வசனம். மூல எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். அதே நெடுவரிசையில் "ஒன்று குறை" என்று ஓட்டுகிறவர்கள், நிரல் பாதியில் நின்று மறுபடி ஓட்டும்போது இரண்டு குறைத்துவிடுவார்கள். அப்புறம் எது குறைந்தது, எது குறையவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

சுவடிக்கட்டு:
புரிகிறது. ஸ்வோர்டில் "எண்முறை" என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, அதில் எபிரெய முறையைக் குறித்துவிட்டு உரையை அப்படியே விட்டுவிடலாமா?

மூன்றாம்படி:
விடலாம்தான். ஆண்ட்பைபிள் இரண்டு எண்முறைகளுக்கு நடுவே தானே மாற்றிக் காட்டும். எல்லா முகப்பும் (ஸ்வோர்ட் உரைகளைத் திறக்கும் செயலி) அப்படிச் செய்யும் என்று எண்ண வேண்டாம். அதைவிட, உங்களுக்கு மைஸ்வோர்டும் வேண்டும். அதன் உரை அட்டவணையில் எண்முறை என்ற பேச்சே கிடையாது, வெறும் நூல், அதிகாரம், வசனம் மட்டும். ஆகவே ஒரே முறைக்கு மாற்றிவிட்டு இரண்டுக்கும் அதையே கொடுப்பதுதான் கைக்கு அடக்கம். எபிரெய எண் தெரிய வேண்டியவர்களுக்கு உரையின் தொடக்கத்தில் சதுர அடைப்பில் [எபி. 51:12] என்று போட்டுவிடுங்கள். அது படிக்கிறவருக்கு, இணைப்புக்கு அல்ல.

தலைப்பைப் பற்றிய விளக்கம் (எபிரெய 51:1-2) எங்கே போகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்வோர்டில் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் 0-ஆம் வசனம் உண்டு, அதில் வையுங்கள். நூல் முன்னுரைக்கு 0-ஆம் அதிகாரம் 0-ஆம் வசனம். அப்படி ஒரு இடம் இல்லாத மென்பொருளில் 1-ஆம் வசன உரையின் தலையில் ஒட்டிவிட வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை: ஸ்வோர்ட் உரையோடு சேர்த்து வைக்கும் விவரக் கோப்பில் எண்முறை வரியை விட்டுவிட்டால் ஸ்வோர்ட் அதைக் கேஜேவி என்றே எடுத்துக்கொள்ளும், சத்தம் போடாது. குறியாக்க வரியில் யுடிஎஃப்-8 என்று எழுத மறந்தால் லத்தீன் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அப்போது தமிழ் முழுவதும் கிறுக்கலாக வரும். அதைப் பார்த்து "எழுத்துரு இல்லை" என்று எழுத்துருவைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், வரியைப் பாருங்கள்.

கொம்பும்காலும்:
மூன்றாவது என் பேட்டை.

"யோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ய-வுக்குப் பிறகு ஓகாரக் குறி ஒரே குறியீடாக. இன்னொன்று, ய-வுக்குப் பிறகு ஏகாரக் கொம்பு, அதற்குப் பிறகு கால், இரண்டு தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றேதான். நிரலுக்கு வேறு வேறு சொல். "யோவான்" முதல் விதத்தில் 6 குறியீடு, யுடிஎஃப்-8-ல் 18 பைட். இரண்டாம் விதத்தில் 7 குறியீடு, 21 பைட். உங்கள் பட்டியலில் ஒரு விதம், தட்டச்சில் பாதி இன்னொரு விதம். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் அடித்திருந்தாலே போதும், இப்படித்தான் ஆகும். ஒகாரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால்தான் யோவானும் யோசுவாவும் கொரிந்தியரும் மாட்டின, மத்தேயுவும் லூக்காவும் தப்பின.

மருந்து சின்னது. முதல் வேலையாக முழு உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து நிற்கும் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். பைதானில் அதற்குக் கூடவே வரும் யூனிகோட்-டேட்டா நூலகம் போதும். உரையை மட்டும் மாற்றினால் பாதி வேலை. நூல் பெயர்ப் பட்டியலையும் அதே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஓசிஸ் என்ற வேத உரைக் கோப்பு வடிவத்தை ஸ்வோர்ட் உரையாக மாற்றும் ஓசிஸ்-டு-மாட் கருவி தானாகவே என்எஃப்சி ஆக்கிவிடும். ஆனால் அது கடைசிக் கட்டம், இணைப்புத் தேடும் நிரல் அதற்கு முன்னாலேயே ஓடி முடிந்திருக்கும்.

என்எஃப்சி திருத்தாத இரண்டு உண்டு. கால் போட வேண்டிய இடத்தில் "ர" அடித்திருப்பது. ஔகாரக் குறியின் இடத்தில் கொம்பும் "ள" எழுத்தும் அடித்திருப்பது. வருடியில் படித்தெடுத்த உரையில் இவை நிறைய வரும். குறியீட்டு வரிசையில் கொம்பை அடுத்து "ர" வரும் இடங்களைத் தேடியெடுத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினால் "பெரிய" என்பது "பொிய" ஆகிவிடும்.

இன்னும் ஒன்று: "1 கொரிந்தியர்" என்பதில் 1-க்கும் பெயருக்கும் நடுவே இருப்பது சாதாரண இடைவெளியா, சொல்செயலி போட்ட பிரியா இடைவெளியா என்று பாருங்கள். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பகுதியில் கண்ணுக்கே தெரியாத சுழிய அகலக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் முதலிலேயே துடைத்துவிடுங்கள்.

நிரல்தறி:
இரண்டாவது கேள்விக்கு. மைஸ்வோர்ட் உரைக் கோப்பு ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். உரை அட்டவணையில் முக்கியமானவை: நூல் எண், அதிகாரம், தொடக்க வசனம், முடிவு வசனம், உரை. உங்கள் வரி இப்படி இருக்க வேண்டும் (66 நூல் வரிசையில் யோவான் 43):

43 | 3 | 16 | 18 | உரை...

இப்போது இப்படி இருக்கிறது என்று நினைக்கிறேன்:

43 | 3 | 16 | (காலி) | உரை...

16 தொடக்க வசனமாகவே பொருந்திவிடுகிறது போலும். 17-ஆம் வசனத்துக்குத் தேடும்போது "தொடக்கம் 17-க்குள், முடிவு 17 அல்லது அதற்கு மேல்" என்ற நிபந்தனை பொருந்த வேண்டும். காலிப் புலத்தை (NULL) எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் எஸ்க்யூலைட் "ஆம்" என்று சொல்லாது. ஆகவே வரி வராது. ஒற்றை வசன உரைக்கும் முடிவு வசனத்தை நிரப்புங்கள்: 16, 16.

ஸ்வோர்டில் வேறு கதை. அங்கே ஒரு வசனத்துக்கு ஒரே பதிவுதான். இறக்குமதிக் கோப்பில் மூன்று டாலர் குறி போட்டு 3:16-18 என்று வீச்சைக் கொடுத்தால், 16-ல் உரை எழுதப்படும், 17-ம் 18-ம் அதைச் சுட்டும். வீச்சைக் கொடுக்காமல் 3:16 என்று மட்டும் எழுதினால் மற்ற இரண்டும் காலிதான். நூல் பெயரை அந்த வரியில் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழ்ப் பெயர் இறக்குமதிக் கருவிக்குப் புரியும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஓசிஸ் கோப்பாகச் செய்தால் வீச்சின் இரண்டு முனையையும் முழுதாக எழுத வேண்டும், "John.3.16-John.3.18" என்ற வடிவில். "3.16-18" என்று சுருக்கினால் செல்லாது.

காலிப் புலம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். விரிதாள் வழியாகப் போனீர்களா?

சுவடிக்கட்டு:
ஆமாம், விரிதாளில் ஒட்டித்தான் பிரித்தேன்.

நிரல்தறி:
அப்போது அங்கேதான். "3:16" என்று ஒட்டினால் விரிதாள் அதை அதிகாலை மூன்று மணி பதினாறு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். "5-7" என்பதைத் தேதியாக்கிவிடும். ஒட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை "உரை" வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் ஏதோ ஒரு எண்தான் மிஞ்சும், பழைய வசன எண் திரும்ப வராது.

விளிம்புக்குறிப்பு:
வீச்சு அதிகாரத்தைத் தாண்டினால்? ஏசாயா 52:13 முதல் 53:12 வரை ஒரே பகுதியாக எழுதாத உரையாசிரியர் அபூர்வம்.

நிரல்தறி:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். மைஸ்வோர்ட் அட்டவணையில் அதிகாரத்துக்கு ஒரே நெடுவரிசை. 52:13-15 ஒரு வரி, 53:1-12 ஒரு வரி என்று உடைத்தாக வேண்டும். முழு உரையையும் இரண்டிலும் போட்டால் கோப்பு பெருக்கும், பின்னால் ஒரு திருத்தம் செய்தால் ஒன்றில் விட்டுப்போகும். முதல் வரியில் முழு உரை, இரண்டாவதில் "இப்பகுதியின் உரை 52:13-ல் தொடங்குகிறது" என்று ஒரு இணைப்பு மட்டும் வைக்கலாம். ஆனால் 53:5-ஐத் திறக்கிறவர் உரையைத்தானே தேடி வருகிறார், அவரை இன்னொரு தட்டுத் தட்டச் சொல்ல வேண்டுமா? உரையில் பத்தி பிரியும் இடம் இருந்தால் அங்கேயே வெட்டிப் பிரித்துவிடுவதே நல்லது.

இ-ஸ்வோர்ட், மைபைபிள் என்ற வேறு இரண்டு பைபிள் மென்பொருளிலும் தொடக்க அதிகாரம், முடிவு அதிகாரம் இரண்டும் தனித்தனியாக உண்டு. அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஏட்டுப்பூச்சி:
குறுக்கே வருகிறேன். வசன மேற்கோள்களை நாமே தேடி இணைப்பாக்க வேண்டிய அவசியம் என்ன? பல மென்பொருள் தானே கண்டுபிடிக்குமே. உரையை அப்படியே போட்டுவிட்டு வேலையை மென்பொருளுக்கு விடலாமே.

கொம்பும்காலும்:
ஆங்கிலத்துக்கு விடலாம் ஐயா. தமிழில் நூல் பெயர் தனியாக நிற்பதில்லை, உருபு ஏற்றுக்கொண்டு நிற்கும். "ஆதியாகமம்" என்று தேடினால் "ஆதியாகமத்தில் 3:15" பிடிபடாது. "ஏசாயாவின் 53-ஆம் அதிகாரம்", "சங்கீதத்தில்", "ரோமருக்கு எழுதின நிருபம் 8:28" என்று எத்தனையோ வடிவம். எண்ணுக்குப் பின்னாலும் "3:16-ல்", "3:16ஐ" என்று ஒட்டும். அந்த இணைகோட்டை வீச்சு என்று எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணைத் தேடும் நிரலும் உண்டு.

சுருக்கங்கள் இன்னும் மோசம். "யோ." என்றால் யோசுவாவா, யோபுவா, யோவேலா, யோனாவா, யோவானா? ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். "எபி" என்றால் எபிரெயர், "எபே" என்றால் எபேசியர், நடுவே ஒரு குறிதான் வித்தியாசம்.

ஏட்டுப்பூச்சி:
உருபுக்காகத்தான் பெயருக்குப் பின்னால் "எந்த எழுத்தும் வரலாம், பிறகு எண்" என்று தளர்வாக எழுதிவிடலாமே.

கொம்பும்காலும்:
எழுதிப் பாருங்கள், என்ன ஆகும் என்று சொல்கிறேன். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலிய வழக்கில் "திப" என்றால் திருத்தூதர் பணிகள், "திபா" என்றால் திருப்பாடல்கள். தளர்வான விதியில் "திப" முதலில் பொருந்தும், மிச்சமுள்ள காலை உருபு என்று விழுங்கிவிடும். "திபா 51:10" திருத்தூதர் பணிகள் 51:10 ஆகும். அந்த நூலில் 28 அதிகாரம்தான், ஆகவே இணைப்பு உடைந்து நம் கண்ணில் படும். நல்லதுதான். "திபா 23:4" அப்படி இல்லை. திருத்தூதர் பணிகள் 23:4 என்று ஒரு வசனம் உண்மையிலேயே இருக்கிறது. இணைப்பு திறக்கும், ஏதோ ஒரு வசனம் வரும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

சொல் எல்லைக் குறியை வைத்து இதைத் தடுக்கலாம் என்று தோன்றும். தடுக்காது. பைதானின் வழக்கமான தேடல் நூலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் "சொல்லின் எழுத்து" என்று கணக்கில் எடுப்பதில்லை. அதன் கண்ணில் "திப"வுக்கும் காலுக்கும் நடுவே சொல் முடிந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் சொல் எல்லைக் குறி தமிழ் எழுத்து எதையுமே எழுத்தாக மதிப்பதில்லை. ஆகவே எல்லையை நீங்களே எழுத வேண்டும்: பெயருக்கு முன்னும் பின்னும் தமிழ் யூனிகோட் பகுதியைச் சேர்ந்த எந்தக் குறியீடும் வரக்கூடாது என்று.

உருபுகளை விதியாக்காமல் பட்டியலாக்குங்கள். 66 நூல், ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர், இரண்டு மூன்று சுருக்கம், "-இல், -இன், -ஐ, -க்கு" ஏற்ற வடிவங்கள். ஆயிரம் வரிக்குள் அடங்கிவிடும், ஒரு நாள் வேலை. நீளமான வடிவம் முதலில் வரும்படி அடுக்குங்கள். இல்லாவிட்டால் "1 யோவான் 4:9"-ல் உள்ள "யோவான் 4:9" முதலில் பொருந்தி, நிருபத்துக்குப் போக வேண்டியவர் சமாரியப் பெண்ணிடம் போய் நிற்பார்.

விளிம்புக்குறிப்பு:
அதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. "லூக்கா 3:1 யோவான் 4:9" என்று அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் நிரல் "1 யோவான்" என்று வாசிக்கும். முன்னால் அரைப்புள்ளியோடு ஒட்டி எண் வந்தால் அது நூல் எண் அல்ல, வசன எண் என்று ஒரு காவல் விதி வைக்க வேண்டும்.

மூன்றாம்படி:
அரைப்புள்ளி என்றால் இங்கே முக்காற்புள்ளியைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன் 🙂 3:1-ல் நடுவே இருப்பது முக்காற்புள்ளி.

விளிம்புக்குறிப்பு:
ஆமாம், காவல் விதிக்கு முக்காற்புள்ளி. விட்டுப்போனது அரைப்புள்ளி. இரண்டும் வேறு.

கொம்பும்காலும்:
சூழலை நினைவில் வைப்பதும் நிரலின் வேலைதான். "யோவான் 3:16, 18, 4:1-3" என்பதில் 18-க்கு அதிகாரம் 3, 4:1-க்கு நூல் யோவான். "வச. 20" என்று வந்தால் உரை எந்த அதிகாரத்தில் நிற்கிறதோ அதே அதிகாரம். இங்கே ஒரு பொறி: முந்தைய வரியில் ரோமர் 5-ஐ மேற்கோள் காட்டியிருந்தால் "வச. 20" ரோமருக்குப் போய்விடும். "வச." என்ற சொல் வந்தால் கடைசி மேற்கோளை மறந்துவிட்டு உரையின் சொந்த அதிகாரத்துக்குத் திரும்பும்படி வையுங்கள். சில உரையாசிரியர்கள் இதை இரண்டு பொருளிலும் எழுதுவார்கள். அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு இணைப்புக்குள் எண் முகவரி மட்டும் போகட்டும்: 43, 3, 16. வெளியே தெரிவது "யோவா. 3:16" ஆகட்டும், "யோவானில்" ஆகட்டும், உரையாசிரியர் எழுதியபடியே இருக்கட்டும். ஏட்டுப்பூச்சி ஐயா சொன்ன தானியங்கித் தேடலை மென்பொருளின் உள்ளே ஒவ்வொரு முறையும் ஓட விடுவதைவிட, ஒரே தடவை நம் மேசையில் ஓட்டி, திருத்தி, முகவரியாக உறைய வைத்துவிடலாம்.

ஏட்டுப்பூச்சி:
திபா 23:4-க்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டேன்.

நிரல்தறி:
நான்காவது கேள்வி விட்டுப்போய்விட்டது. ஸ்வோர்டின் பழைய உரை வகைகளில் ஒரு பதிவின் நீளத்தைக் குறிக்க இரண்டு பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக உச்சவரம்பு 65,535 பைட். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆகவே 21,845 குறியீட்டோடு முடிந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் சொல் வரும். குறிச்சொற்களும் இணைப்புகளும் அதிலேயே இடம் பிடிக்கும். ரோமர் நிருபத்துக்கு ஒரு கனமான முன்னுரை எழுதினால் தாண்டிவிடும்.

வழி: நான்கு பைட் நீளம் வைக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வகையின் பெயர் முடிவில் 4 என்று இருக்கும். கருவியில் அதற்கு ஒரு தேர்வும், விவரக் கோப்பில் அதே வகைப் பெயரும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டால் உரையே திறக்காது. மிகப் பழைய முகப்புகளுக்கு இந்த வகை தெரியாது. அவர்களும் வேண்டுமென்றால் முன்னுரையைத் தனியே ஒரு பொதுநூலாக (வசனத்தோடு இணையாத தனி நூல்) வெளியிட்டு, 0-ஆம் வசனத்திலிருந்து சுருக்கம் மட்டும் கொடுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
வாயைத் திறக்கிறேன், வேறு கேள்வி. தி வேர்ட் மென்பொருளுக்கு ஒரு மொழிபெயர்ப்பை மாற்றினேன். மத்தேயு 17 வரை உரையும் வசனமும் ஒட்டியிருக்கிறது. பிறகு ஒன்று தள்ளுகிறது. போகப் போகத் தள்ளல் கூடுகிறது.

மூன்றாம்படி:
எந்த இடத்தில் கூடுகிறது என்று நான் சொல்லட்டுமா? 17:21-ல் ஒன்று, 18:11-ல் இரண்டு, 23:14-ல் மூன்று.

தி வேர்டின் ஓஎன்டி கோப்பு வெறும் வரிக்கோப்பு. ஒரு வரி ஒரு வசனம், எண் எதுவும் கிடையாது, வரிசைதான் முகவரி. மொத்தம் 31,102 வரி: பழைய ஏற்பாடு 23,145, புதிய ஏற்பாடு 7,957. மூலப்பிரதி ஆராய்ச்சியைப் பின்பற்றும் மொழிபெயர்ப்புகள் சில வசனங்களை விட்டுவிடும் அல்லது அடிக்குறிப்பில் தள்ளும். நீங்கள் வெற்று வரியையும் சேர்த்து நீக்கியிருக்கிறீர்கள். மாற்கு 7:16, 9:44, 9:46, 11:26, 15:28, லூக்கா 17:36, 23:17, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37, 15:34, 24:7, 28:29, ரோமர் 16:24 இவற்றுக்கும் வெற்று வரி வேண்டும். மத்தேயுவின் மூன்றையும் சேர்த்து 16. எதை உங்கள் மொழிபெயர்ப்பு விட்டிருக்கிறது, எதை அடைப்புக்குள் வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஏட்டுப்பூச்சி:
வரி எண்ணிக்கை 31,086. சரியாகப் பதினாறு குறைவு.

விளிம்புக்குறிப்பு:
திருவிவிலியத்தோடு இணைக்க நினைப்பவர்களுக்காக ஒன்று கேட்டு வைக்கிறேன். தோபித்து, யூதித்து, மக்கபேயர் இவையெல்லாம் 1 முதல் 66 வரையான நூல் எண்ணில் எங்கே உட்காரும்?

நிரல்தறி:
உட்கார இடமில்லை சகோ. 66-ஐ வைத்துக் கட்டிய வீடு அது. மைபைபிள் இதை முன்னாலேயே யோசித்திருக்கிறது. அங்கே எண்கள் பத்துப் பத்தாகத் தாண்டும்: ஆதியாகமம் 10, நெகேமியா 160, தோபித்து 170, யூதித்து 180, எஸ்தர் 190, சங்கீதம் 230, மத்தேயு 470, யோவான் 500, வெளிப்படுத்தல் 730. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது "பத்தால் பெருக்கு" என்று எழுதிவிடாதீர்கள். எஸ்றா 15, அங்கே 150. அதுவரை சரியாக வருவதுபோல இருக்கும். நெகேமியாவும் 16, 160. எஸ்தர் 17, ஆனால் அங்கே 190. யோவான் 43, அங்கே 500. இதற்கும் அட்டவணைதான்.

ஸ்வோர்டில் இணைத் திருமுறை நூல்களையும் கொண்ட எண்முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேஜேவி முறையிலேயே அந்த நூல்களைச் சேர்த்த ஒன்று உண்டு, கத்தோலிக்க முறை என்று தனியாகவும் உண்டு. முறையில் இல்லாத வசனம் வந்தால் ஓசிஸ்-டு-மாட் அதை முந்தைய வசனத்தின் வாலில் ஒட்டிவிட்டு ஒரு தகவல் வரி மட்டும் எழுதிப் போகும். அந்த வரிகளைக் கோப்பில் சேமித்துப் படியுங்கள். எஸ்தர், தானியேல் இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். கிரேக்கப் பகுதிகளைத் திருவிவிலியம் தனி நூலாக வைக்கிறது, வேறு பதிப்புகள் உள்ளேயே சேர்க்கின்றன.

சுவடிக்கட்டு:
முதல் மூன்றும் சரியாகிவிட்டன. மாற்று அட்டவணை போட்ட பிறகு 51:10-ல் சுத்த இருதயம் பற்றிய உரை வந்து நிற்கிறது. முன்னுரைகளும் நான்கு பைட் வகையில் முழுதாக வருகின்றன. வெளியிடும் முன் எந்தெந்த வசனத்தைத் திறந்து பார்க்க வேண்டும்? எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

மூன்றாம்படி:
எண்முறை முறியும் இடங்களில் மட்டும் நில்லுங்கள். ஆதியாகமம் 31:55, 32:1. எண்ணாகமம் 16:36. 1 நாளாகமம் 6:1, 6:16. சங்கீதம் 3:1, 13:5, 13:6, 23:1, 51:1, 51:19. யோவேல் 2:28, 3:1. யோனா 1:17, 2:1. மல்கியா 4:1. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் 8:37. ரோமர் 16:25-27, ஏனென்றால் பிசாந்தியப் பிரதிகளில் அந்த மூன்று வசனமும் 14-ஆம் அதிகாரத்தின் முடிவில் இருக்கும். 2 கொரிந்தியர் 13:14, சில பதிப்புகளில் அது 13. 3 யோவான், கேஜேவியில் 14 வசனம், பலவற்றில் 15. வெளிப்படுத்தல் 12:17, 13:1, இந்த எல்லையும் நகரும்.

ஒவ்வொன்றிலும் மூன்றைப் பாருங்கள்: வசனத்தைத் திறந்தால் சரியான உரை வருகிறதா, உரையில் அதே வசனத்துக்கான இணைப்பைத் தட்டினால் திரும்பி அங்கேயே வருகிறதா, அடுத்த வசனத்துக்கு நகர்ந்தால் உரையும் கூடவே நகர்கிறதா. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பதிவின் முகவரியை அட்டவணை வைத்து மாற்றிவிட்டு, உரைக்குள் இருக்கும் மேற்கோள்களை எபிரெய எண்ணிலேயே விட்டிருப்பார்கள்.

சுவடிக்கட்டு:
விட்டிருக்கிறேன். உரைக்குள் "சங். 51:12" என்று இருப்பது 14-ஐக் காட்ட வேண்டிய இடமா, 10-ஐயா?

மூன்றாம்படி:
உரையாசிரியர் எபிரெய எண்ணில் எழுதியவர் என்பதால் 10. வெளியே தெரியும் எழுத்து 51:12 ஆகவே இருக்கட்டும், உள்ளே முகவரி 19, 51, 10. ஆனால் அவர் வேறொரு மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் எடுக்கும் இடங்களில் அந்த மொழிபெயர்ப்பின் எண்ணைப் போட்டிருக்கலாம். சங்கீதத்துக்குப் போகும் இணைப்புகளை மட்டும் தனியே ஒரு பட்டியலாக எடுத்து, பக்கத்தில் இரண்டு எண்ணின் வசனத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். எந்த வசனம் உரையோடு பேசுகிறது என்று படித்தாலே தெரியும், நிரலுக்குத் தெரியாது.

சுவடிக்கட்டு:
பட்டியல் எடுத்தாயிற்று, 412 இணைப்பு. 1-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குகிறேன்.

கொம்பும்காலும்:
1-லும் 2-லும் தலைப்பே இல்லை. 3-லிருந்து தொடங்குங்கள்.